வேண்டாம் என்றால் அரை டம்ளர்

1

இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். "நோ, நோ, ஐ ஆம் ஓகே" என்றேன். அவள் சிரித்த முகத்தோடு கெண்டியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள்.

எனக்கு அந்த டீ வேண்டும்.

இது நடந்தது மெல்பர்னில், எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு கஃபேயில். முன்பு தையல் கடையாக இருந்த இடமாம். ஒன்றுக்கொன்று சேராத நாற்காலிகள், கூரையிலிருந்து தொங்கும் செடிகள், மூலையில் அழகுக்கு வைத்த ஒரு பழைய தையல் மிஷின். டீ கேட்டால் குட்டிக் கெண்டி ஒன்று, தனியாகப் பால், கூடவே ஒரு மணல் கடிகாரம் வரும். மணல் முழுக்க இறங்கும்வரை கெண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருந்து குடித்த டீ நன்றாகவே இருந்தது. இன்னொன்று கிடைத்தால் தேவலையே என்று நினைத்தபோதுதான் அவள் வந்து கேட்டாள். நான் வேண்டாம் என்றேன்.

நம் பக்கம் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கண்டரமாணிக்கத்தில் நான் வளர்ந்த வீட்டில், யார் வந்தாலும் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுத்தான் "டீ குடிக்கிறீகளா?" என்று கேட்பார்கள். வந்தவர், "இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்" என்பார். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருப்பார். எங்கும் குடித்திருக்க வழியே இல்லை. "அட, ஒரு வாய் குடிங்க." "வேணாம், ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்." "என்ன சிரமம், தண்ணி கொதிக்குது." "சரி, அரை டம்ளரு போதும்." முழு டம்ளர் வரும். முழுவதையும் குடிப்பார். முதல் தடவை கேட்டதுமே குடிக்கிறேன் என்கிற ஆளுக்குப் பறக்காவெட்டி என்று பெயர். ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிற வீட்டுக்கு என்ன பெயர் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

ஆஸ்திரேலியாவில் யாரும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. ஒருவர் வேண்டாம் என்ற பிறகு மறுபடி கேட்பது அவர் சொன்ன சொல்லை மதிக்காததாகுமாம். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் ஒரு வாண்டு போதும் என்று சொல்லியும் அதன் தட்டில் இன்னொரு கரண்டி நூடுல்ஸைப் போட்டுவிட்டேன். பொறுப்பாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்தினார். குழந்தையின் சம்மதம், குழந்தையின் உரிமை என்று பெரிய பாடம். அந்த வாண்டு இதற்குள் நூடுல்ஸைத் தின்று முடித்திருந்தது.

இந்த நாட்டில் என்னிடம் இரண்டாவது தடவை கேட்ட ஒரே ஆள் விமான நிலையத்து அதிகாரி. ஊரிலிருந்து திரும்பிய ஒரு சமயம், "சாப்பாட்டுச் சாமான் ஏதாவது இருக்கிறதா?" என்றார். பழக்க தோஷம், "நோ, நோ" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்து, "நிச்சயமாகவா?" என்றார். எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "கொஞ்சம் இருக்கு" என்று சொல்லி அப்பளம், வடகம், மிளகாய்த்தூள், முறுக்கு, புளி எல்லாவற்றையும் மேசைமேல் கடை பரப்பினேன். கொட்டையோடு இருந்த புளியை மட்டும் குப்பையில் போட்டார். மற்றதைத் தந்துவிட்டு, இனிமேல் முதல் தடவையே உண்மையைச் சொல்லும்படி புத்தி சொல்லி அனுப்பினார்.

2

மகள் பெயர் கயல்விழி. இங்கேயே பிறந்தவள், ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருக்கிறாள். வேலை கிடைத்த கையோடு தோழிகளுடன் தனி வீடு பார்த்துக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாள். நான் ஒரு வாரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஒக்கூர்க்காரர், இங்கே டிராம் ஓட்டுகிறார். "டிராமுலதான போயிருக்கா, ராக்கெட்டுலயா போயிட்டா" என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கயல்தான் ஓர் ஏற்பாடு செய்தாள். சனிக்கிழமை தோறும் நானும் அவளும் ஒரு கஃபேக்குப் போக வேண்டும். ஒரு தடவை போன இடத்துக்கு மறுபடி போகக் கூடாது. வாரீகளா என்று அவள் கேட்கவில்லை. இடத்தையும் நேரத்தையும் போனில் அனுப்பிவிட்டாள். அதனால் எனக்கு வேண்டாம் என்று சொல்லச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. அந்த ஏற்பாடு பிழைத்துக் கிடந்ததே அதனால்தான்.

வருஷக் கணக்கில் இப்படிச் சுற்றியிருக்கிறோம். தோசை மாவில் சுட்ட வாஃபிள் சாப்பிட்டிருக்கிறேன். ஊத்தப்பத்தின் மேல் கொரியாக்காரர்களின் புளித்த முட்டைக்கோஸை வைத்துத் தந்தார்கள். இரண்டு புளிப்பும் சண்டைக்குப் போகும் என்று பயந்தேன், சம்பந்தி மாதிரி ஒட்டிக்கொண்டன. ரசத்தைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி வைத்தபோது மருந்தென்று நினைத்து ஒரே மடக்கில் குடித்தேன். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு குறை சொல்வேன். பிறகு தட்டை வழித்துவிடுவேன். "அம்மா, கம்ப்ளெய்ன்ட் முடிஞ்சிருச்சா? நான் ஆரம்பிக்கவா?" என்று கேட்டுவிட்டுத்தான் கயல் முள்கரண்டியை எடுப்பாள்.

ஓரிடத்தில் கோப்பைக்குக் காதே இல்லை. கையில் பிடிக்க முடியாத சூடு. பால் வைத்திருந்த குட்டிக் குவளை காலியாகத்தானே இருக்கிறது என்று, டீயை அதில் ஊற்றி, அதிலிருந்து கோப்பையில் ஊற்றி, நன்றாகக் கையைத் தூக்கி ஆற்றினேன். பக்கத்து மேசையில் பேச்சு நின்றுவிட்டது. கயல் மெனு அட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் பக்கத்து மேசைக் கிழவர் எழுந்து வந்து, இன்னொரு தடவை செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். காட்டினேன். நுரை பிரமாதமாக வந்தது.

இன்னோர் இடத்தில் மெனுவில் 'செட்டிநாடு சிக்கன் பை' என்று, கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஒன்று இருந்தது. தாடி வைத்த பையன் ஒருவன் வந்து, செட்டிநாடு என்பது தென்னிந்தியாவில் ஒரு பகுதி, மிளகும் சோம்பும் தாராளமாகப் போடுவார்கள், காரம் உங்களுக்குத் தாங்குமா என்று அன்போடு விசாரித்தான். அவ்வளவு அக்கறையாகச் சொல்கிறவனிடம் நான் என்ன சொல்ல? "அப்படியா" என்றேன். அவன் அந்தப் பக்கம் போனதும் கயல் மேசையில் கவிழ்ந்து சிரித்தாள். சிக்கன் பையில் காரமே இல்லை. தாங்கிக்கொண்டேன்.

3

காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே உட்கார்ந்து சாப்பிடுவதை இங்கே பிரஞ்ச் என்கிறார்கள். இதற்கு நம் ஊரில் எப்போதோ பெயர் வைத்தாயிற்று: இடைப்பலகாரம். கல்யாண வீடுகளில் காலைப் பந்தி முடிந்து, மதியப் பந்திக்கு இன்னும் நேரம் இருக்கும்போது தட்டுத் தட்டாக வருமே, அதுதான். கயலுக்கு இந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து தோழிகளிடம்கூட, "சாட்டர்டே எனக்கு எடப்பலகாரம் இருக்கு" என்றே சொல்கிறாள். அவளுடைய தமிழ் என்னிடமிருந்து வந்தது, வேறு எங்கிருந்து வரும்? வாரீக, போறீக என்றுதான் பேசுவாள். ஆனால் ஆஸ்திரேலிய மூக்கால் பேசுவாள்.

அப்படி ஓர் இடைப்பலகாரத்தின் நடுவில்தான் ஹோபார்ட் வந்தது. டாஸ்மேனியாத் தீவில் உள்ள ஊர். கடல் தாண்ட வேண்டும், விமானம் ஏற வேண்டும், குளிர் அதிகம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நல்ல பதவி கிடைத்திருப்பதாகச் சொன்னாள். சந்தோஷம் என்றேன். இனிமேல் சனிக்கிழமை வெறும் சனிக்கிழமைதான்.

ரொட்டியை வெட்டிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி கயல் கேட்டாள்:

"அம்மா, எங்கூட வாரீகளா? சும்மா கொஞ்ச நாள். அங்க எனக்கு யாரையும் தெரியாது."

எனக்குப் போக வேண்டும். அந்த நிமிஷமே எழுந்து போய்ப் பெட்டி கட்டலாம் போலிருந்தது. வாய் என்ன சொன்னது தெரியுமா?

"நான் எதுக்குடி. ஒனக்கு இடைஞ்சலா."

"நோ வொரீஸ்" என்றாள் கயல். ரொட்டியின் அடுத்த துண்டை வெட்டினாள்.

அவ்வளவுதான். தண்ணீர் கொதிக்கவில்லை, ஒரு வாய் குடிங்க என்று யாரும் சொல்லவில்லை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள், இந்த வெண்ணெய்ப்பழம் நன்றாகக் கனிந்திருக்கிறது என்று சொல்லிப் பாதியை என் தட்டில் வைத்தாள்.

4

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"போகணும்னா போறேன்னு சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"ஒரு தடவதான கேட்டா?"

"நூறு தடவ கேக்கணுமோ? அவ இங்க பொறந்த புள்ள. வேணாம்னா வேணாம்தான் அவளுக்கு."

"அப்ப நீங்க? நான் போயிட்டா ஒங்களுக்குச் சாப்பாடு?"

"பழைய சோறு இருக்கு, மோரு மொளகா இருக்கு. நான் பாத்துக்கிறேன்" என்றார். கொஞ்சம் அதிக வேகமாகச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றியது.

அடுத்த சனிக்கிழமை கயல் மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் ஹோபார்ட்டில் பார்த்த வீட்டைப் பற்றிப் பேசினாள். ஒற்றை ஆளுக்குத் தோதான வீடு என்றாள். அதற்கடுத்த வாரம் கம்பளிக் கோட்டு வாங்கியதைப் பற்றிப் பேசினாள். நான் சாடைமாடையாக என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஹோபார்ட்டில் தோசைக்கு மாவு புளிக்காதே, யார் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். அதற்கு ஒரு மிஷின் இருக்கிறது, வாங்கிவிட்டேன் என்றாள். அந்த மிஷினை நான் சபித்தேன்.

நானே வாயைத் திறந்து வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று சொன்ன வீட்டில் நாமாகப் போய் இலை போட்டு உட்காருவது எப்படி? எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. பெற்ற பிள்ளை இன்னொரு தடவை கேட்டால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

இந்த நிலைமையில்தான் காரைக்குடியில் என் அண்ணன் கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசம் வந்தது. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. புது வேலையில் சேருவதற்கு முன் கயலுக்கு மூன்று வாரம் கையில் இருந்தது. நானும் அவளும் கிளம்பி வந்தோம்.

5

ஊருக்கு வந்தாலும் சனிக்கிழமை சனிக்கிழமைதானே. காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டின் முன்பகுதியைக் கஃபே ஆக்கியிருக்கிறார்கள் என்று கயல் போனில் தேடிக் கண்டுபிடித்தாள். மதினியையும் கூட்டிக்கொண்டு போவோம் என்றாள். மதினி என்றால் என் அண்ணன் மனைவி, கயலுக்கு அயித்தை. அந்தத் தெரு வழியாகத்தான் மதினி கடைக்குப் போவதும் வருவதும். உள்ளே கால் வைத்ததில்லை. "டீ குடிக்க அங்குட்டு எதுக்கு? வீட்டுல அடுப்பு இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

தேக்குத் தூண், காலுக்குக் குளிர்ச்சியான, பூப்போட்ட ஆத்தங்குடித் தரை, மேலே மின்விசிறி. இங்கேயும் ஒன்றுக்கொன்று சேராத நாற்காலிகள். வெள்ளைப் பணியாரத்துக்குள் சீஸ் வைத்திருந்தார்கள். கவுனி அரிசியின் மேல் வெனிலா ஐஸ்கிரீம். மசாலா சீயத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மெக்சிகோ நாட்டுத் துவையல். மெல்பர்னில் செட்டிநாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தால், செட்டிநாட்டில் மெல்பர்ன் காத்துக்கொண்டிருந்தது.

பரிமாற வந்த அம்மாள் ஆத்தங்குடிக்காரர், பெயர் ராணி. சட்டைப் பையில் பெயர் குத்தியிருந்தது. ஊர் எது என்று மதினி உட்காருவதற்கு முன்பே விசாரித்து முடித்துவிட்டார்.

கயல் கேட்டாள்: "அயித்தே, டீ குடிக்கிறீகளா?"

"எனக்கு ஒண்ணும் வேணாம்த்தா. இப்பத்தான் குடிச்சிட்டு வாரேன்."

"ஓகே" என்ற கயல், ராணியிடம் திரும்பி, "ரெண்டு டீ" என்றாள்.

ராணி எழுதவில்லை. "அவுகளுக்கு?"

"அவுகளுக்கு வேணாமாம்."

ராணி கயலை ஒரு பார்வை பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையோ என்பது போன்ற பார்வை. பிறகு மதினியிடம், "ஏன், எங்க கடையில டீ குடிக்க மாட்டீகளா?" என்றார்.

"அதெல்லாம் இல்ல தாயி. வயித்துக்குச் சேராது."

"இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டாறேன். வயித்துக்கு நல்லதுதான்."

"நீ இம்புட்டுச் சொல்றே. சரி, அரை டம்ளரு போதும்."

ராணி போனார். கயல் என் காதருகே குனிந்தாள்.

"அம்மா, அயித்தை ரெண்டு தடவ நோ சொல்லிட்டாக. அந்த லேடி ஏன் நிப்பாட்டல?"

"அது வேணாம் இல்லடி. வீட்டுக்குள்ள நுழையுறப்ப செருப்பக் கழட்டிப் போடுறோம்ல, அது மாதிரி. கழட்டிட்டுத்தான் உள்ள வருவோம்."

"அப்ப நெசமான வேணாம் எது?"

மதினிக்கு எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "எலைய மடக்கிட்டா அது நெசமான வேணாம்" என்றார். "அது வரைக்கும் வச்சுக்கிட்டே இருக்கணும்."

டீ வந்தது. மூன்றும் முழு டம்ளர். மதினி ஒரு சொட்டு விடாமல் குடித்தார். சீயம் வேண்டாம் என்று சொல்லி இரண்டு சாப்பிட்டார். ஐஸ்கிரீம் பல் கூசும் என்று சொல்லிக் கயலுடைய கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நானும் கயலுக்குச் சிரிப்பு வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கரண்டியைக் கையில் வைத்தபடி தரையின் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய சனிக்கிழமைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, நான் ஒரு தடவதான கேட்டேன்?"

"என்னத்தடி?"

"ஹோபார்ட்."

நான் டம்ளரைத் தூக்கினேன். அதில் டீ இல்லை.

"நீங்க வேணாம்னதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றாள். "அம்மாவுக்கு எங்கூட இருக்கப் பிடிக்கலைன்னு நெனச்சேன். திருப்பிக் கேட்டா ஒங்களத் தொந்தரவு பண்ற மாதிரின்னு கேக்கல. அந்த மாவு மிஷின்கூட நீங்க வரலைன்னுதாம்மா வாங்குனேன்."

இத்தனை நாள் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து காத்திருக்க, அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்து என் வேண்டாமுக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

கயல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா, எங்கூட ஹோபார்ட்டுக்கு வாரீகளா?"

என் வாயை என்ன செய்வது? "நான் எதுக்குடி. ஒனக்கு இடைஞ்சலா" என்றது.

"ஒண்ணு" என்றாள் கயல். "அம்மா, நீங்க வாங்க. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருக்கு."

"அப்பாவுக்குச் சாப்பாடு ஆரு பாப்பா?"

"ரெண்டு. அப்பா பழைய சோறு சாப்பிடுவாக. நான் அப்பாட்ட பேசிக்கிறேன். வாரீகளா, இல்லையா?"

மேசைக்கு அடியில் மதினியின் முழங்கால் என்னை இடித்தது. "என்ன செல்வி, எலைய மடக்கிட்டியா?"

நான் மடக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, நீ இம்புட்டுச் சொல்றே. ஒரு அரை மாசம் போதும்" என்றேன்.

மதினி ராணியைக் கூப்பிட்டு இன்னும் மூன்று டீ சொன்னார். தனக்கு அரை டம்ளர் போதும் என்றார்.

6

இதை ஹோபார்ட்டில், துறைமுகத்தைப் பார்த்தாற்போல் உள்ள ஒரு கஃபேயில் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்பு ஆப்பிள் கிடங்காக இருந்த இடமாம். எதிரில் கயல் ஏதோ படித்துக்கொண்டிருக்கிறாள். வந்தபோது வெளியே மரமெல்லாம் மொட்டையாக நின்றது. இப்போது இலையெல்லாம் வந்துவிட்டது. அந்த அரை மாதம் இன்னும் முடியவில்லை, காப்பகத்தில் லீவை நீட்டிக்கொண்டே போகிறேன்.

மாவு மிஷின் பெட்டியைப் பிரிக்காமலே கிடக்கிறது. ஹீட்டர் பக்கத்தில் துணியைச் சுற்றி வைத்தால் மாவு தானாகப் பொங்குகிறது.

சற்று முன்புதான் இங்கே டீ ஊற்றுகிற பெண் வந்து, இன்னொரு கெண்டி கொண்டுவரவா என்று கேட்டாள். "நோ, நோ, ஐ ஆம் ஓகே" என்றேன். கயல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "கொண்டுவாருங்கள், குடிப்பார்கள்" என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். கெண்டி வந்திருக்கிறது. மணல் இறங்கிக்கொண்டிருக்கிறது.

நேற்று இவர் போன் செய்தார். மோர் மிளகாய் தீர்ந்துவிட்டதாம். எப்போது திரும்பி வருகிறாய் என்று கேட்டார். வருகிற மாதம் பார்க்கலாம் என்றேன். இன்று காலையும் கேட்டார். இங்கே கயலுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன்.

இரண்டு தடவை ஆயிற்று. நாளைக்கும் கேட்கட்டும்.